கரண்ட் வந்தது பதினோராம் நாள்

2020 ஆகஸ்ட் 10, திங்கக்கிழமை. முந்தின நாள் அரைச்சு வச்ச இட்லி மாவு காலைல நல்லா பொங்கி பாத்திரத்து விளிம்பு வரைக்கும் வந்திருந்துச்சு, அதை அப்படியே ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்தேன். கொரோனா நேரம், அவருக்கும் வீட்ல இருந்துதான் வேலை, எட்டு வயசு பையன் ஹால் முழுக்க லெகோவை பரப்பி வச்சிருந்தான். வெளிய நல்ல வெயில். நாங்க இருக்கிறது அமெரிக்காவுல அயோவா மாநிலம், இங்க ஆகஸ்ட் மாசம்னா காத்துல ஒரு பிசுபிசுப்பு இருக்கும், சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் மக்காச்சோளக் காடு, அந்த இலையெல்லாம் விடுற ஈரம், இங்க உள்ளவங்க அதை "சோளத்துக்கு வேர்க்குது"ன்னுதான் சொல்லுவாங்க. எங்க ஊரு மேரியன், நாப்பதாயிரம் பேர் இருக்குற சின்ன ஊரு, சீடர் ராப்பிட்ஸ் நகரத்தோட ஒட்டிக்கிட்டே கிடக்கு, எங்க ஒண்ணு முடிஞ்சு எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு போர்டைப் பாத்தாதான் தெரியும்.

மத்தியானம் பன்னெண்டரை மணி இருக்கும். வடமேற்குப் பக்கம் வானம் கறுத்துச்சு, கறுப்புன்னா வெறும் கறுப்பு இல்ல, அடியில ஒரு பாசிப்பச்சை கலந்த கறுப்பு. சைரன் ஊதுச்சு. போன்ல ஒண்ணுமே வரல. டொர்னாடோ எச்சரிக்கைன்னா போன் தானா அலறும், அது அலறலைங்கிறதால நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் ஓரமா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தோம், அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு கலங்குது. வாசல்ல இருந்த பெரிய சில்வர் மேப்பிள் மரம் ஒரு பக்கமா சாஞ்சுது, சாஞ்சது நிமிரவே இல்ல. அதைப் பாத்துதான் அவரு பையனை வாரி எடுத்துக்கிட்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடுனாரு, நான் பின்னாடியே.

சாதாரண இடிமழைல பலத்த காத்து பத்து நிமிஷம் அடிக்கும், கால் மணி நேரம் அடிக்கும், அப்புறம் ஓஞ்சிடும். இது ஓயல. முக்கா மணி நேரம். பேஸ்மென்ட்ல வாஷிங் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல பையனை உக்கார வச்சு நாங்க ரெண்டு பேரும் அவன் மேல கவுந்துக்கிட்டு இருந்தோம். மேல ஏதோ விழுற சத்தம், வீடே ஒரு தடவை குலுங்குச்சு, அப்புறம் நீளமா ஒரு உறுமல் மட்டும், லாரி ஒண்ணு வாசல்ல நின்னுக்கிட்டு போகமாட்டேன்னு ஆக்சிலேட்டரை மிதிச்சா எப்படி இருக்கும், அப்படி. பையன் அழல. "எப்ப முடியும், எப்ப முடியும்"னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தான்.

இதுக்கு பேரு டெரேச்சோ. அன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஸ்பானிஷ்ல நேரா, நேர்கோடாங்கிற அர்த்தம். சுழட்டி அடிச்சா டொர்னாடோ, நேரா தள்ளிக்கிட்டே போனா டெரேச்சோ. இந்தப் பேரை வச்சவரே இங்கதான் இருந்திருக்காரு, எங்க வீட்ல இருந்து அரை மணி நேரத்துல போயிடலாம், அயோவா பல்கலைக்கழகம், அங்க பேராசிரியரா இருந்த குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ். 1877 ஜூலை 31-ல அயோவாவைக் கடந்து போன ஒரு புயல்காத்தைப் பத்தி 1888-ல எழுதுனப்ப இந்தச் சொல்லைப் போட்டிருக்காரு. பேரு இந்த மண்ணுல பிறந்து நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அன்னைக்கு எங்க தெருவுல பாதி பேருக்கு அது தெரியாது.

விஷயம் என்னன்னா, இடிமேகத்துல இருந்து மழையோட சேந்து குளுந்த காத்து பொத்துன்னு கீழ இறங்கும், தரையில பட்டு முன்னாடி பரவும், முன்னாடி இருக்குற சூடான ஈரக்காத்தை அது நெம்பி மேல தள்ளும், அதுல இருந்து புது மேகம், புது மழை, திரும்ப குளுந்த காத்து கீழ. வழியில சூடும் ஈரமும் இருக்குற வரைக்கும் இந்த சங்கிலி அறுந்து போகாது. அன்னைக்கு காலைல தெற்கு டகோட்டா பக்கம் ஆரம்பிச்சது, அயோவா, இல்லினாய் எல்லாம் தாண்டி ஒஹையோ வரைக்கும் போயிருக்கு, 14 மணி நேரத்துல 770 மைல், அதாவது 1,240 கிலோமீட்டர். எங்களுக்கு மேற்கால அட்கின்ஸ்னு ஒரு ஊரு, அங்க கருவியில பதிவானதே மணிக்கு 126 மைல். சீடர் ராப்பிட்ஸோட தென்மேற்குல ஒரு அபார்ட்மென்ட் இடிஞ்சு கிடந்த விதத்தை வச்சு 140 மைல் அடிச்சிருக்கும்னு வானிலைக்காரங்க கணக்கு போட்டாங்க, நம்ம கணக்குல 225 கிலோமீட்டர். நாலு பேர் செத்துப் போனாங்க, மூணு பேர் அயோவா, ஒருத்தர் இண்டியானா. நஷ்டம் 1,100 கோடி டாலருக்கு மேல, அமெரிக்காவுல ஒரே ஒரு இடிமழையில இவ்வளவு நஷ்டம் அதுக்கு முன்னாடி ஆனதே இல்ல.

போன் ஏன் அலறலைங்கிறது எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சுது. இடிமழை எச்சரிக்கை எவ்வளவு மோசமானதா இருந்தாலும் அதை போனுக்கு அனுப்புற ஏற்பாடு அப்ப கிடையாது. அடுத்த வருஷம் 2021 ஆகஸ்ட்லதான் மாத்துனாங்க, இப்ப காத்து 80 மைலுக்கு மேல அடிக்கும்னு தெரிஞ்சா டொர்னாடோவுக்கு அலறுற மாதிரியே போன் அலறும். மாத்துனது ரொம்ப நல்லது. நாங்க ஜன்னல் ஓரமா நின்ன அந்த அஞ்சு நிமிஷம் இனிமே யாருக்கும் வராது.

காத்து நின்னதும் மேல ஏறி வந்தோம். முன் கதவைத் திறந்தா வாசல்ல காடு. சில்வர் மேப்பிள் வேரோட பிடுங்கிட்டு வந்து எங்க வீட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் நடுவுல படுத்துக்கிடக்கு, வேர் பக்கம் ஒரு ஆள் உசரத்துக்கு மண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அதோட கிளை ஒண்ணு மின்சார ஒயரை இழுத்துக்கிட்டு விழுந்திருக்கு. தெரு எங்க இருக்குன்னு தெரியல. எதிர்வீட்டுக் கூரைல பாதி இல்ல. எல்லா வீட்டுலேர்ந்தும் ஒவ்வொருத்தரா வெளிய வர்றாங்க, யாரும் கத்தல, பேசல, சும்மா நின்னு பாக்குறாங்க. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. பச்சை இலை கசங்குன வாசனை ஊரு முழுக்க, அருகம்புல் வெட்டுனா வருமே, அதோட நூறு மடங்கு.

எங்க லின் கவுன்ட்டில, நம்மூர் மாவட்டம் மாதிரி, கிட்டத்தட்ட எல்லாருக்குமே கரண்ட் போச்சு. பத்து வீட்டுல ஒரு வீட்டுக்காவது இருக்கும், அங்க போய் போன் சார்ஜ் போட்டுக்கலாம்னு நினைக்கவே முடியாது, ஒருத்தருக்கும் இல்ல. செல்போன் டவருக்கும் கரண்ட் இல்ல, சிக்னல் போச்சு. பெட்ரோல் பங்க்ல தரைக்கு அடியில பெட்ரோல் இருக்கு, அதை மேல இழுக்க மோட்டார் ஓடணுமே. கார் ரேடியோ ஒண்ணுதான் வெளியுலகம். அதையும் பெட்ரோல் தீந்துடுமோன்னு பயந்து பயந்து போட்டோம்.

மூணாவது நாள் தெருவை ஓரளவு வெட்டி வழி பண்ணினதும் 380 ஹைவேல தெற்கால போனோம், அயோவா சிட்டி பக்கம் கரண்ட் வந்துடுச்சுன்னு சொன்னாங்க. வழி நெடுக ரெண்டு பக்கமும் சோளம் படுத்துக்கிடக்கு. ஆள் உசரத்துக்கு மேல வளந்து நின்ன சோளம், யாரோ பாய் விரிச்ச மாதிரி ஒரே திசையில. தானியம் கொட்டி வைக்கிற பெரிய பெரிய இரும்புக் குதிரெல்லாம் மிதிச்ச தகர டப்பா மாதிரி நசுங்கி உருண்டு கிடந்துச்சு. சிக்னல் வந்ததும் போன் தொடர்ந்து டிங் டிங்னு அடிச்சுது, இந்தியால இருந்து, கலிஃபோர்னியால இருந்து, எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, கரண்ட் வந்துச்சா. அது கூட மூணு நாள் கழிச்சுதான், ஏன்னா இந்த நாட்டு பெரிய டிவி எதுலயும் எங்களைப் பத்தி பெருசா ஒண்ணும் வரல, கொரோனாவும் எலெக்‌ஷனும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கடலோரப் புயலுக்குன்னா நாலு நாள் முன்னாடியே பேரு வச்சு படம் போட்டு காட்டுவாங்க, எங்களுக்கு வந்தது பேரே இல்லாம வந்து முக்கா மணி நேரத்துல போயிடுச்சு.

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா இருக்கிறது பேராவூரணி. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா வந்தப்ப தென்னந்தோப்பு மொத்தத்தையும் பறிகொடுத்தவங்க, லட்சத்துக்கும் மேல கரண்ட் போஸ்ட் விழுந்த புயல் அது, அங்க எங்க அம்மா தெருவுக்கு கரண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. புள்ள எப்படி இருக்கான், மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு கேட்டுட்டு, அம்மா அடுத்து கரண்டைப் பத்தி கேக்கல. "மரம் எத்தனைடி போச்சு?"ன்னாங்க. எங்க வாசல்ல ஒண்ணும்மா, தெருவுல எண்ணவே முடியலன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "கரண்ட் வந்துரும். மரத்தைப் பாத்து மனசை விட்றாத, அது கொஞ்ச நாளைக்கு பாக்கும்போதெல்லாம் அடிக்கும்"னாங்க. அப்ப எனக்கு அது சரியா பிடிபடல, ஏன்னா என் தலைக்குள்ள அன்னைக்கு ஐஸ் கட்டியும் பெட்ரோலும்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நாலாம் நாள் சாயங்காலம் எங்க தெருவுல எல்லாரோட ஃப்ரீஸரும் உருக ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டு பெரியவரு, எழுபது வயசு தாண்டினவரு, அவரோட கேஸ் கிரில்லை தெருவுக்கே உருட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஆளாளுக்கு மான்கறி, கோழி, உறைஞ்ச பீஸான்னு எடுத்துட்டு வந்தாங்க. என்கிட்ட இட்லி மாவு. ஐஸ் பெட்டில வச்சிருந்தும் புளிச்சுப் போயிருந்துச்சு, ஆனா தோசைக்கு ஆகும். அந்த கிரில் மேல என் இரும்புக் கல்லைப் போட்டு வெங்காயத்தை பாதியா வெட்டி தேய்ச்சு தோசை வார்த்தேன், நின்ன நிலையில நாப்பது தோசை. நாங்க இந்த வீட்டுக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு, அன்னைக்குதான் எதிர்வீட்டு அக்காவோட பேரையே கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்கு பாதிக் கூரை இல்ல, தார்ப்பாய் போட்டு ஆணி அடிச்சிருந்தாங்க, அவங்கதான் எங்களுக்கு டார்ச்சுக்கு பேட்டரி குடுத்தாங்க.

பெரியவர்கிட்ட ஜெனரேட்டர் இருந்துச்சு. அதுல இருந்து ஒரு ஒயரை இழுத்து தினம் ரெண்டு மணி நேரம் எங்க பேஸ்மென்ட்டுல நிலத்தடித் தண்ணியை வெளிய தள்ளுற பம்புக்கு குடுத்தாரு, இல்லன்னா பேஸ்மென்ட் முழுகியிருக்கும். ஜெனரேட்டர் விஷயத்துல அவரு ரொம்ப கண்டிப்பு. கார் ஷெட்டுக்குள்ள வைக்கவே கூடாது, ஜன்னல்ல இருந்து இருபதடி தள்ளி வைக்கணும், அந்தப் புகை மணக்காது, தூங்குறவங்களை எழுப்பாமலே கொன்னுடும். இன்னொண்ணும் சொன்னாரு, வீட்டு பிளக்ல நேரா ஜெனரேட்டரை சொருகினா கரண்ட் பின்பக்கமா ஓடி தெரு ஒயருக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மர்ல ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும், ஒயர் செத்துக்கிடக்குன்னு நம்பி கையை வைக்கிற லைன்மேன் போயிடுவான். அவரே ஒரு காலத்துல லைன்மேனா இருந்தவருன்னு அப்பதான் தெரிஞ்சுது.

கரண்ட் ஏன் இவ்வளவு நாள் ஆகுதுன்னு அவர்தான் எனக்கு புரிய வச்சாரு. முதல்ல ஊருக்கு வெளிய இருக்குற பெரிய கோபுர லைன், அப்புறம் சப்ஸ்டேஷன், அப்புறம் ஆஸ்பத்திரி, தண்ணி பம்பு, அதுக்கப்புறம் மெயின் ரோட்டு லைன், அப்புறம்தான் தெரு, கடைசியில வீடு. ஆத்துல தண்ணி வராம வாய்க்காலை எவ்வளவு தூர்வாரியும் பிரயோஜனம் இல்ல, அதே கணக்கு. நம்ம தெருவுல வந்து நின்னு ரெண்டு போஸ்ட் நட்டுட்டு போனா நமக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா மேல லைன் உயிரோட இல்லன்னா அந்தப் போஸ்ட் வெறும் கட்டைதான். இங்க விழுந்தது ஒண்ணு ரெண்டு போஸ்ட் இல்ல, வரிசை வரிசையா உடைஞ்சிருந்துச்சு, புதுசா ஒரு லைன் போடுற வேலை அது, ரிப்பேர் இல்ல.

வெளி மாநில நம்பர் பிளேட்டோட, லைன்மேனை கம்பம் உசரத்துக்கு தூக்கி நிறுத்துற பக்கெட் லாரி வரிசையா வந்துச்சு. தினம் 16 மணி நேரம் வேலை பாத்தாங்க அந்தப் பசங்க. பையன் அட்டைப்பெட்டியை வெட்டி அதுல நன்றின்னு இங்கிலீஷ்ல ஒரு பக்கம், தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வாசல்ல நட்டான்.

இதையெல்லாம் எழுதிட்டு இன்னொண்ணை எழுதாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி. சீடர் ராப்பிட்ஸ் தென்மேற்குல சில அபார்ட்மென்ட்கள்ல கூரையும் சுவரும் போயிடுச்சு. அங்க இருந்தவங்க நிறைய பேர் காங்கோ, புருண்டில இருந்து அகதிகளா வந்தவங்க, பசிபிக் தீவுல இருந்து வந்தவங்க. அவங்க கட்டிடத்துக்கு முன்னாடி புல்தரையில கூடாரம் போட்டு நாள் கணக்குல குழந்தைகளோட கிடந்தாங்க, மழையில, கொசுவுல. அறிவிப்பெல்லாம் இங்கிலீஷ்ல, போன்ல சார்ஜே இல்ல. நாங்க தண்ணி கேன், டயப்பர், ஒரு அண்டா எலுமிச்சை சாதம் எடுத்துக்கிட்டு போனது ஆறாம் நாள். ஆறாம் நாள். அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் நான் என் பேஸ்மென்ட் தண்ணியைப் பத்தி மட்டும்தான் யோசிச்சிருக்கேன். ஒரு அம்மா, கைக்குழந்தை, என்கிட்ட சாதம் வாங்கிக்கிட்டு தன் கூடாரத்துக்குள்ள இருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் இல்ல. குழந்தை என் வளையலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எங்க தெருவுக்கு கரண்ட் வந்துச்சு. எல்லா வீட்டுலயும் லைட், எங்க வீடு மட்டும் இருட்டு. காரணம் என்னன்னா, கூரை ஓரத்துல இருந்து ஒரு பைப் இறங்கி மீட்டர் பெட்டிக்குள்ள போகும், மாஸ்ட்னு சொல்றாங்க, மேப்பிள் கிளை ஒயரை இழுத்தப்ப அந்தப் பைப்பும் மீட்டர் பெட்டியும் சுவத்தோட பேந்துக்கிட்டு வந்துடுச்சு. போஸ்ட்ல இருந்து பைப் முனை வரைக்கும் ஒயர் மின் கம்பெனியோடது, அந்த முனைக்கு அப்புறம் பைப்பு, பெட்டி எல்லாம் வீட்டுக்காரங்களோடது. நாமளே எலெக்ட்ரீஷியனைப் பிடிச்சு சரி பண்ணி, அதிகாரி வந்து பாத்து சரின்னு சொன்னாதான் இணைப்பு குடுப்பாங்க. இது முதல் நாளே தெரிஞ்சிருந்தா முதல் நாளே ஆளைத் தேடியிருப்போம். காத்தோ பனியோ அடிக்கிற ஊர்ல வீடு வச்சிருக்குற யாரா இருந்தாலும் இன்னைக்கே வெளிய போய் அந்தப் பைப்பைப் பாருங்க, உங்க வீட்டுல எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. பெரியவரு தனக்குத் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனுக்கு சொல்லி, அவரு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து தலையில லைட் கட்டிக்கிட்டு வேலை பாத்தாரு. பதினோராம் நாள் ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிச்சுது. நான் சமையக்கட்டுத் தரையில உக்காந்து அழுதேன்.

அம்மா சொன்னது அதுக்கப்புறம்தான் அடிக்க ஆரம்பிச்சுது. விழுந்த மரத்தையெல்லாம் ரோட்டோரம் வீட்டு உசரத்துக்கு குமிச்சு வச்சிருந்தோம், மாசக்கணக்குல லாரி வந்து அள்ளிக்கிட்டே இருந்துச்சு. அள்ளி முடிஞ்சதும்தான் வெறுமை தெரிஞ்சுது. சீடர் ராப்பிட்ஸ்ல மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேல மரம் போச்சு, ஊருக்கு மேல இருந்த நிழல்ல மூணுல ரெண்டு பங்கு. அடுத்த கோடைல மேற்கு வெயில் நேரா ஹாலுக்குள்ள வந்து சோபா துணியெல்லாம் வெளுத்துச்சு, ஏசி நிக்கவே இல்ல. பழகுன முக்குல கார் திருப்பும்போது வழி மாறி வந்துட்டோமோன்னு இருக்கும், அடையாளம் மரம்தானே. சாயங்காலம் வாசப்படில யாரும் உக்காரல. குருவி சத்தம் கொறைஞ்சு போச்சு.

சீடர் ராப்பிட்ஸ்ல பத்து வருஷத்துக்கு 3.7 கோடி டாலர்னு ஒரு மரம் நடுற திட்டம் போட்டிருக்காங்க, ரீலீஃப்னு பேரு. கூட நிக்கிற ட்ரீஸ் ஃபாரெவர் அமைப்பு 1989-ல ஆரம்பிச்சது, எங்க மேரியன்ல இருந்துதான் நடக்குது. ஒரே ஜாதி மரமா வைக்காம கலந்து வைக்கணும், சீக்கிரம் வளர்ற மரத்துக்கு ஆசைப்படக் கூடாதுன்னு அவங்க சொல்றதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரியுறேன். சில்வர் மேப்பிள் மடமடன்னு வளரும், ஆனா கட்டை வலு கிடையாது. நாங்க 2021 வசந்தத்துல பழைய மேப்பிள் இருந்த இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு பர் ஓக் வச்சோம், இந்த மண்ணோட சொந்த மரம், ஆணிவேர் ஆழமா போகும், மெதுவா வளரும். பெரியவரு குழி வெட்ட வந்தாரு. அந்த மரத்து நிழல்ல நான் உக்காரப் போறதில்ல, உன் புள்ள உக்காருவான்னு சொல்லிட்டு மண்ணைத் தள்ளுனாரு.

2023 கோடைல அம்மா வந்து மூணு மாசம் இருந்தாங்க. வந்த மறுநாள் காலைலேர்ந்து அரிசி கழுவுன தண்ணியை ஒரு சொட்டு கீழ ஊத்த விடல, எல்லாம் ஓக்குக்குத்தான். ஊருக்குப் போகும்போது அந்தப் பொறுப்பை பேரன்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க, அவனும் விடாம செய்யுறான், ஐஸ் உறையுற மாசம் தவிர.

போன ஞாயித்துக்கிழமை அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. கஜாவுக்கு அப்புறம் வச்ச தென்னங்கன்னுல ஒண்ணு முதல் பாளை விட்டிருக்கு, அதைக் காட்டணும்னு போனைத் தூக்கிக்கிட்டு தோப்புக்குள்ள நடந்தாங்க, படம் ஆடி ஆடி வெறும் வானம்தான் தெரிஞ்சுது. "உன் மரம் எவ்வளவு ஒசரம்டா தம்பி?"ன்னு கேட்டாங்க. பையனுக்கு இப்ப பதிமூணு வயசு. செருப்பு கூடப் போடாம வெளிய ஓடி மரத்தோட ஒட்டி நின்னு, உள்ளங்கையைத் தலைக்கு மேல நேரா வச்சுப் பாத்துட்டு கத்துனான், "ஆச்சி, என்னை விட ஒரு சாண் கூட!"